பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போடும் ஊசி அப்பாவுக்கு ஏன் இல்லை? (பெருங்குடல் புற்றுநோய், கே-ராஸ் ரிப்போர்ட்)

தாமிரபரணியான் எழுதியது:

அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடலின் கடைசிப் பக்கம், சிக்மாய்டு என்கிறார்கள், அங்கே கட்டி. கல்லீரலுக்கும் போய்விட்டது, அதனால் நாலாம் ஸ்டேஜ். ஃபோல்ஃபாக்ஸ் கீமோவும் கூடவே பெவாசிசுமேப் என்ற ஊசியும் ஓடுகிறது. டே கேரில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே இடம், அதே கல்லீரல், அதே கீமோ. ஆனால் அவருக்கு செடக்சிமேப் என்று வேறு ஊசி. முகம், மார்பு எல்லாம் பருவாக வெடித்திருக்கிறது. "பரு வந்தா மருந்து பிடிக்குதுன்னு அர்த்தமாம்" என்று அவர் மனைவி சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நம்மிடம் காசு இருக்காது என்று நல்ல மருந்தைத் தராமல் விட்டுவிட்டார்களோ என்று அதையே பேசிக்கொண்டிருக்கிறார்.

டாக்டரைக் கேட்டேன். "உங்க அப்பாவுக்கு கே-ராஸ் மியூட்டேஷன் இருக்கு, அது சரிப்படாது" என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ரிப்போர்ட்டில் இருப்பது: கே-ராஸ், எக்ஸான் 2, ஜி12டி: உள்ளது. என்-ராஸ், பிராஃப்: இல்லை. எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் உள்ளன, எம்எஸ்எஸ்.

இன்னொரு விஷயம். மியூட்டேஷன் என்றால் பரம்பரை நோய் என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் ஒரே கலக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மெழுகுக்கட்டி எழுதியது:

நான் நோய்க்குறியியல் துறையில் இருக்கிறேன், கோவை. முதலில் தங்கை விஷயத்தை முடித்துவிடுவோம். அப்பாவின் கட்டியில் இருக்கும் கே-ராஸ் பழுது அவர் பிறக்கும்போது கொண்டுவந்தது கிடையாது. குடலின் உட்சுவரில் ஏதோ ஒரு செல்லில், அவர் வாழ்நாளில் எப்போதோ ஏற்பட்டது. அவருடைய இரத்தத்திலோ விந்தணுவிலோ அது இல்லை, ஆகவே உங்களுக்கோ தங்கைக்கோ வர வழியே இல்லை. அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்பதால் பிள்ளைகள் உரிய வயதில் கொலனோஸ்கோபி பார்த்துக்கொள்வது நல்லது. அது தனிக் கணக்கு, இந்த ரிப்போர்ட்டோடு சம்பந்தமில்லை.

இப்போது ஊசி. குடல் செல்லின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் இருக்கிறது. வளரச் சொல்லும் சமிக்ஞை அதில் வந்து விழும், அது உள்ளே கே-ராஸுக்குப் போகும், கே-ராஸ் அதைக் கருவுக்குக் கடத்தும். செடக்சிமேப் போய் மூடுவது மேலே இருக்கும் ஈஜிஎஃப்ஆரை. வாசலில் காலிங்பெல் பட்டனை டேப் ஒட்டி மறைத்துவிடலாம். உள்ளே வயர் ஷார்ட் ஆகியிருந்தால் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு ஷார்ட் ஆகியிருப்பது உள்ளே.

இதைத் தெரிந்துகொள்ளவே கொஞ்ச காலம் பிடித்தது. அமெரிக்காவில் செடக்சிமேப் 2004இலும் அதே வகையைச் சேர்ந்த பானிடுமுமேப் 2006இலும் அனுமதி பெற்றன. அப்போது கே-ராஸ் பார்க்காமலேயேதான் கொடுத்தார்கள். 2008இல், முடிந்துபோன ஆய்வுகளில் மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய திசுத்துண்டுகளை எடுத்துத் திரும்பச் சோதித்தார்கள். பானிடுமுமேப் ஆய்வில், கே-ராஸ் சரியாக இருந்தவர்களில் 100க்கு 17 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. பழுதானவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 40 சதவீதத்தில் கே-ராஸ் பழுது உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், எத்தனை பேர் பருவையும் வயிற்றுப்போக்கையும் சும்மா தாங்கியிருப்பார்கள்! ஃபோல்ஃபாக்ஸோடு சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் கே-ராஸ் பழுதானவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமானது. 2009இல் மருந்தின் விவரக் குறிப்பையே மாற்றினார்கள். உங்கள் டாக்டர் செய்தது சரி. இதை இரண்டு நிமிடம் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், அது வேறு.

---

உப்புமாச்சாமி எழுதியது:

சார், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ இது கம்பெனிகளின் வியாபாரமாகத்தான் படுகிறது. ஒரே நோய்க்கு ஆளுக்கொரு மருந்து, ஆளுக்கொரு டெஸ்ட். 2022இல் வாட்ஸப்பில் வந்ததே, நியூயார்க்கில் 12 பேருக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள், 12 பேருக்கும் கட்டி காணாமல் போய்விட்டது என்று? அந்த மருந்து எங்கே போனது? ஏன் தாமிரபரணியான் அப்பாவுக்கு அதைக் கொடுக்கவில்லை? பணக்காரனுக்கு மட்டும்தானா?

---

மெழுகுக்கட்டி எழுதியது:

நல்ல கேள்வி, கோபத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தச் செய்தி பொய் இல்லை. மருந்தின் பெயர் டோஸ்டார்லிமேப். மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஆண்ட்ரியா செர்செக் குழு செய்தது. மலக்குடல் புற்றுநோய், 12 பேர், அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் இல்லாமல் எல்லாருக்கும் கட்டி மறைந்தது. 2025இல் அதே குழு 49 மலக்குடல் நோயாளிகளின் முடிவை வெளியிட்டது, அதிலும் 49 பேருக்கும் மறைந்திருந்தது. புற்றுநோயில் இப்படி ஒரு எண்ணிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாட்ஸப்பில் விட்டுப்போனது ஒரே ஒரு வரி. அத்தனை பேரின் கட்டியிலும் எம்எம்ஆர் குறைபாடு இருந்தது. அது இருப்பவர்களைத் தேடிப்பிடித்துத்தான் ஆய்வில் சேர்த்தார்கள். மலக்குடல் புற்றுநோயில் அந்த வகை 100க்கு 10க்குள்தான் இருக்கும்.

எம்எம்ஆர் என்றால் என்ன? செல் பிரியும்போது டிஎன்ஏவை நகல் எடுக்க வேண்டும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் நகல் சறுக்கும், ஓர் எழுத்து கூடும் அல்லது குறையும். அதைக் கண்டுபிடித்து வெட்டி ஒட்டுவது நான்கு புரதங்களின் வேலை: எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 ஒரு ஜோடி, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 இன்னொரு ஜோடி. இவற்றில் ஒன்று போய்விட்டால் பிழைகள் திருத்தப்படாமல் குவியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2015இல் எண்ணிப் பார்த்தது: எம்எம்ஆர் போன கட்டியில் சராசரியாக 1,782 பழுதுகள், மற்றதில் 73. இவ்வளவு பழுது இருந்தால் செல் விநோதமான புரதங்களை நிறையத் தயாரிக்கும், உடம்பின் எதிர்ப்புச் செல்கள் "இது நம்ம ஆள் இல்லை" என்று மோப்பம் பிடித்துச் சுற்றி வந்து நிற்கும். ஆனால் கட்டி பிடி-1 என்ற வழியில் அவற்றை மடக்கி வைத்திருக்கும். டோஸ்டார்லிமேப், பெம்ப்ரோலிசுமேப் எல்லாம் அந்த மடக்கலை நீக்குபவை. சுற்றி ஆளே நிற்காத கட்டியில் மடக்கலை நீக்கி என்ன பயன்? தாமிரபரணியான் அப்பாவின் ரிப்போர்ட்டில் "நான்கும் உள்ளன, எம்எஸ்எஸ்" என்று வந்ததற்கு இதுதான் அர்த்தம்: திருத்தும் வேலை ஒழுங்காக நடக்கிறது, எழுத்து திரும்ப வரும் இடங்கள் நிலையாக இருக்கின்றன (அதுதான் எம்எஸ்எஸ்), பழுதுகள் குவியவில்லை. கோடீஸ்வரராக இருந்தாலும் அவருக்கு இந்த மருந்தால் பலன் எதிர்பார்க்க முடியாது.

இந்த நான்கு புரதச் சோதனை பெரிய மெஷின் கேட்பதில்லை. நாங்கள் தினமும் செய்வதுதான். கண்ணாடித் தகட்டில் சாயம் ஏற்றிப் பார்த்தால், புரதம் இருக்கும் செல்லின் கரு பழுப்பாகத் தெரியும். எம்எல்ஹெச்1 போன கட்டியில் கட்டிச் செல்களின் கரு மட்டும் வெளிறிய நீலமாக நிற்கும், இடையில் சிதறிக் கிடக்கும் நிணச்செல்கள் பழுப்பாக இருக்கும். அந்த நிணச்செல்கள் பழுப்பாகத் தெரிந்தால்தான் சோதனை சரியாக ஓடியது என்று நாங்களே நம்புவோம். எல்லாமே நீலமாக வந்தால் சாயம் பிடிக்கவில்லை என்று பொருள், திரும்பச் செய்ய வேண்டும். எனவே ரிப்போர்ட்டில் "உள் கட்டுப்பாடு சரி" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

---

யாழ்நங்கை_டொராண்டோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த எம்எம்ஆர் கதையோடு வாழுற ஆள் நான், அதால எழுதுறன்.

எங்கட அம்மம்மா கருப்பைப் புற்றுநோயில செத்தவ. பெரியம்மாவுக்கும் அதேதான். அம்மாவுக்கு 46 வயதில பெருங்குடல், வலப்பக்கம். ஊரில எல்லாரும் "செய்வினை" எண்டு கதைச்சினம். இஞ்ச வந்தபிறகு அம்மாவின்ர சத்திரசிகிச்சை முடிஞ்சு திசுவைப் பார்த்தால் எம்எஸ்ஹெச்2 இல்லை. வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறப்பிலேயே உள்ள பழுதுதான், லிஞ்ச் சிண்ட்ரோம் எண்டவை. எனக்கும் இருக்கு, தம்பிக்கு இல்லை. ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான். எனக்கு இப்ப வருசம் ஒருக்கா கொலனோஸ்கோபி. ரெண்டு தரம் சின்னப் பொலிப், அதான் குடலுக்குள்ள முளைக்கிற சதை, எடுத்தவை.

தாமிரபரணியான் தம்பி, உங்கட அப்பாவின்ர ரிப்போர்ட்டில நாலும் இருக்கெண்டால் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு இந்தப் பயம் தேவையில்லை. பயப்பட வேண்டிய குடும்பங்கள் எங்களை மாதிரித்தான்: 50 வயதுக்குக் கீழ வாறது, அம்மா வழியோ அப்பா வழியோ ஒரே வழிச் சொந்தத்தில குடலும் கருப்பையும் மாறி மாறி வாறது.

---

ஆய்வகத்தெலி எழுதியது:

அக்கா சொன்னதுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1895இல் மிஷிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியலாளரிடம் அவருடைய தையல்காரப் பெண் சொன்னாளாம்: "எங்கள் வீட்டில் எல்லாரும் குடல், வயிறு, கருப்பைப் புற்றில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்." அவர் அந்தக் குடும்ப மரத்தை வரைந்து 1913இல் 'குடும்பம் ஜி' என்று வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தாள். நெப்ராஸ்காவில் ஹென்றி லிஞ்ச் 1960களில் இதே மாதிரிக் குடும்பங்களைச் சேகரித்துக்கொண்டு போனபோது யாரும் பெரிதாக நம்பவில்லை, புற்றுநோய் பரம்பரையாக வராது என்பதுதான் அன்றைய எண்ணம். எம்எஸ்ஹெச்2 மரபணு 1993இல்தான் கையில் சிக்கியது. வார்த்தினின் அந்தக் குடும்பத்திலும் அதே மரபணுதான் பழுது என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு நூற்றாண்டு!

ஆனால் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். எம்எல்ஹெச்1 இல்லை என்று வந்தவுடன் லிஞ்ச் என்று முடிவு கட்டக் கூடாது. வயதானவர்களில் பெரும்பாலும் அந்த மரபணு மேல் மெத்தில் என்ற வேதிக் குறி ஏறி அது வாயடைத்துப்போவதால்தான் வருகிறது, பரம்பரை கிடையாது. கூடவே பிராஃபில் (கே-ராஸுக்கு அடுத்து சமிக்ஞையைக் கடத்தும் புரதம்) வி600ஈ என்ற பழுது இருந்தால் லிஞ்ச் அநேகமாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எம்எம்ஆர் குறைபாடு பெருங்குடல் புற்றுகளில் சுமார் 15 சதவீதம், லிஞ்ச் சுமார் 3 சதவீதம்தான்.

பிராஃப் பற்றி வாய் வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். பிராஃப் வி600ஈ மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் வந்தால், பிராஃபை அடக்கும் வெமுராஃபெனிப் மாத்திரை கட்டியைக் கரைக்கும். அதே எழுத்துப் பிழை பெருங்குடலில் வந்தால் அதே மாத்திரை கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. 2012இல் நெதர்லாந்தில் ரெனே பெர்னார்ட்ஸ் ஆய்வகம் காரணத்தைக் கண்டது. பிராஃபை அடக்கியவுடன் குடல் செல் ஈஜிஎஃப்ஆரைத் தட்டி எழுப்பிவிடுகிறது. மெலனோமா செல்லில் ஈஜிஎஃப்ஆர் மிகக் குறைவு என்பதால் அங்கே இந்தக் குறுக்குவழி இல்லை. அப்படியென்றால் இரண்டையும் ஒன்றாக அடைக்க வேண்டும். பிராஃபை அடக்கும் என்கோராஃபெனிப், ஈஜிஎஃப்ஆரை மூடும் செடக்சிமேப் ஜோடி 2020இல் அனுமதி பெற்றது இந்த யோசனையில்தான். ஆகவே உப்புமாச்சாமி சார், மியூட்டேஷன் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதாது, அது எந்த உறுப்பில் என்பதும் வேண்டும். இதில் கம்பெனிக்கு என்ன லாபம்? அவர்கள் ஒரே மாத்திரையை எல்லாருக்கும் விற்கவே ஆசைப்படுவார்கள்.

---

தாமிரபரணியான் எழுதியது:

மெழுகுக்கட்டி சார், யாழ் அக்கா, ரொம்ப நன்றி. அம்மாவிடம் காலிங்பெல் கதையைச் சொன்னேன். "அப்போ உள்ளே வயரைச் சரிபண்ண மருந்து இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கூகிளில் கே-ராஸுக்கு மாத்திரை வந்துவிட்டது என்று போட்டிருக்கிறது?

---

ஆய்வகத்தெலி எழுதியது:

அம்மா கேட்டதைத்தான் உலகம் முழுக்க நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கே-ராஸ் வழவழப்பான புரதம், மருந்து பிடித்துக்கொள்ள ஒரு குழியும் இல்லை என்று கைவிட்டிருந்தார்கள். 2013இல் கெவன் ஷோகட் குழு ஒரு சின்னப் பொந்தைக் கண்டுபிடித்தது, ஆனால் அது ஜி12சி என்ற வகையில் மட்டும். அங்கே 12ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் சிஸ்டீன் என்ற இன்னொன்று வந்திருக்கும். சிஸ்டீனில் இருக்கும் கந்தகத்தோடு மருந்து வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும். சோடோராசிப் 2021இல் நுரையீரல் புற்றுநோய்க்கு வந்தது.

உங்கள் அப்பாவுக்கு ஜி12டி. அங்கே வந்திருப்பது அஸ்பார்ட்டிக் அமிலம், கந்தகம் கிடையாது, இந்த மாத்திரை ஒட்டாது. பெருங்குடலில் ஜி12சி சுமார் 3 சதவீதம்தான், ஜி12டிதான் அதிகம் பார்ப்பது. ஜி12சிக்குக்கூட குடலில் மாத்திரை தனியாகச் சரிப்படவில்லை. பிராஃபில் நடந்த அதே ஈஜிஎஃப்ஆர் விளையாட்டு! பானிடுமுமேப்போடு சோடோராசிப், செடக்சிமேப்போடு அதே வகை மாத்திரையான அடாக்ராசிப் என்று ஜோடியாகத்தான் அனுமதித்திருக்கிறார்கள். ஜி12டிக்கான மருந்துகள் இப்போது மனிதர்களில் ஆய்வாக நடக்கின்றன. ரிப்போர்ட்டில் "கே-ராஸ் பழுது" என்று மொட்டையாக இல்லாமல் ஜி12டி என்று போட்டிருப்பது உங்களுக்கு நல்லது, நாளைக்கு ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

---

வார்டுசிஸ்டர் எழுதியது:

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன். யாழ் அக்கா எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டுவது இன்னும் இருக்கிறது. லிஞ்ச் பழுது ஒன்று வந்தால் நடுத்தர வயதில் நோய். சொந்தத்தில் கட்டிய இருவரிடமும் ஒரே பழுது இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டால் சின்ன வயதிலேயே மூளைக்கட்டி, இரத்தப் புற்று, குடல் புற்று என்று வரும். தோலில் காபி நிறத் திட்டுகள் இருக்கும், பார்த்தவர்கள் மச்சம் என்று விட்டுவிடுவார்கள். மியூட்டிஹெச் என்ற மரபணுவும் அப்படித்தான், இரண்டு நகலும் பழுதானால்தான் குடலில் பாலிப்புகள் பெருகும். அப்பா அம்மா இருவருக்கும் ஒன்றும் இருக்காது, பிள்ளைக்கு மட்டும் வரும்.

வரன் பார்க்கும் வீட்டில் மறைப்பதைவிட, குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் என்ன புற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பார்ப்பது மேல். "வயித்துக் கட்டி" என்று மட்டும் எழுதாதீர்கள், கருப்பையா குடலா என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

---

உப்புமாச்சாமி எழுதியது:

சரி, கே-ராஸ் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காசு விஷயத்தை விடமாட்டேன். எம்எம்ஆர் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தும் லட்சக்கணக்கில் ஆகும் என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். டெஸ்ட் எடுத்து "உங்களுக்கு மருந்து இருக்கிறது, ஆனால் வாங்க முடியாது" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

---

மெழுகுக்கட்டி எழுதியது:

அதில் உங்களோடு வாதம் செய்ய மாட்டேன், உண்மைதான். பிடி-1 மடக்கலை நீக்கும் இந்த இம்யூனோதெரபி மருந்துகளின் விலை நம் ஊர்ச் சம்பளத்துக்குப் பொருந்தாதது.

ஆனால் அந்தப் பக்கமும் வேலை நடக்கிறது. மும்பை டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு அதே வகை மருந்தான நிவோலுமேப்பை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். அது வேறு புற்றுநோய், குடலுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது. ஆனால் குறைந்த அளவு போதுமா என்று கேட்கும் துணிச்சல் இங்கிருந்துதான் வந்தது.

அப்புறம், டெஸ்ட் செலவை ஏற்றுவது மட்டும் இல்லை, குறைப்பதும் உண்டு. இரண்டாம் ஸ்டேஜில் எம்எம்ஆர் குறைபாடு இருந்தால் நோய் திரும்புவது குறைவு, வெறும் 5-எஃப்யூ கீமோவால் பலனும் இல்லை. பல பேருக்குக் கீமோவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம். அந்த நான்கு சாயத்தைப் பார்க்காமல் கேப்சிடபின் (உடம்புக்குள் போய் 5-எஃப்யூவாக மாறும் மாத்திரை) எழுதிக் கொடுத்த கேஸ்கள் இரண்டாம் கருத்துக்காக என் மேஜைக்கு வந்திருக்கின்றன. உள்ளங்கை உரிந்து, வாய்ப்புண்ணோடு, தேவையில்லாத மருந்து.

---

தாமிரபரணியான் எழுதியது:

கடைசியாக ஒன்று. ஆஸ்பிரின் குடித்தால் குடல் புற்றுநோய் திரும்ப வராது என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்குக் கொடுக்கலாமா? அது கட்டுப்படியாகும்!

---

மெழுகுக்கட்டி எழுதியது:

இதுவும் பாதி உண்மை, மறுபாதி விட்டுப்போன ஃபார்வர்டுதான். 2025இல் ஸ்வீடன் குழு வெளியிட்ட ஆய்வில் பிக்3சிஏ என்ற மரபணுவும் அதன் கூட்டாளிகளும் பழுதாகியிருந்தவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். நோய் திரும்புவது சுமார் பாதியாகக் குறைந்தது. சோதித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தப் பழுது இருந்தது, ஆக அரிதும் இல்லை. யாழ்நங்கை அவர்களுக்கு: லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஜான் பர்ன் குழு 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பெருங்குடல் புற்றுநோய் குறைந்தது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆனால் ஸ்வீடன் ஆய்வு கட்டியை முழுதாக வெட்டி எடுத்த, மூன்றாம் ஸ்டேஜ் வரைக்குமானவர்களுக்கு. அப்பாவுக்கு நாலாம் ஸ்டேஜ். அதோடு அவருக்கு ஓடுவது பெவாசிசுமேப், அதில் ஏற்கெனவே இரத்தக் கசிவு அபாயம் உண்டு. ஆன்காலஜிஸ்டைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பயாப்சியோ அறுவையோ நடந்த இடத்தில் போய் அப்பாவின் மெழுகு பிளாக் (எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு) எங்கே இருக்கிறது என்று கேட்டு, பிளாக் எண்ணை ரிப்போர்ட் நகலோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சில வருடம் கழித்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஜி12டி ஆய்வு ஏதாவது திறந்தால் அந்த பிளாக்கைத்தான் கேட்பார்கள். வாங்கி வைத்தால் வெயில் படாமல் வையுங்கள், நம் ஊர் மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் உருகிப்போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.